எழுதியாச்சு

"சாத்தூர் தாண்டியாச்சு சார். ஆமா சார், இன்னும் ஒரு மணி நேரம்தான். சரி சார். சரி சார்."

போனை வச்சுட்டாரு. நீங்க சிரிக்கது தெரியுது அண்ணாச்சி. நாம இன்னும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை விட்டே வெளிய வரலை, சாத்தூர் எங்க கிடக்கு! சும்மா சொல்லுததுதான். எல்லாரும் சொல்லுததுதானே? வீட்டுல சோப்பு போட்டுக்கிட்டு நிப்பான், போன் வந்தா 'வந்துக்கிட்டே இருக்கேன்'ம்பான். கேக்க ஆளுக்கும் தெரியும், சொல்லுத ஆளுக்கும் தெரியும். அது பொய்யில சேராது.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பையை மடியில வச்சுக்கிடுதேன். மேல வச்சா எவனாவது மூட்டையைத் தூக்கி மேல போட்டுருவான். உள்ள மடங்கக் கூடாத பேப்பர் ஒண்ணு இருக்கு. உங்கட்ட பேனா இருக்கா? கறுப்பு வேண்டாம், நீல மைதான் வேணும். நீலமா? நல்லதாப் போச்சு, குடுங்க. எழுதிட்டுத் தந்துருதேன். பஸ் எங்கயாவது நிக்கும்போதுதான் எழுதணும், ஓடும்போது எழுதுனா கோழி கிளறுன மாதிரி ஆயிரும்.

நீங்க மதுரையா? நான் திருமங்கலத்துல இறங்கணும். பன்னிரண்டு மணிக்கு அங்க ஒரு விசாரணை. பயந்துராதீங்க, போலீஸ் கேஸ் இல்ல. இன்னும் இல்ல. என் பேரு ஆவுடையப்பன். திருநெல்வேலியில ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் எல்லாம் நான்தான் பாக்கேன், பதினாறு வருஷமா. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், விடுங்க. ட்ரஸ்ட்டோட தலைமை ஆபீஸ் திருமங்கலத்துல இருக்கு. இப்ப போன்ல பேசுனது எங்க நிர்வாக அதிகாரி, தாணுமாலயன் சார். காலையிலயே காருல போய்ச் சேந்துட்டாரு. என்னைய பஸ்ஸுல வரச் சொல்லிட்டாரு. சேந்து வந்தா நல்லாருக்காதாம்.

என்ன விசாரணைன்னு கேக்க மாட்டேங்கீங்க. மரியாதைக்காரரு. நானே சொல்லுதேன், சொல்லாட்டா எனக்கு நெஞ்சு அடைச்சிரும். வீட்டுக்காரிட்டயே இன்னும் சொல்லலை.

எல்லாத்துக்கும் ஒரு டிஸ்க்தான் காரணம். உள்ளங்கை அளவு இருக்கும். நாம கம்ப்யூட்டர்ல அடிக்கது எல்லாம் அதுலதான் போய் உக்காரும். அதுக்கும் நமக்கும் நடுவுல ஒரு மேஸ்திரி உண்டு. ஃபைல் சிஸ்டம்னு பேரு. எதை எங்க எழுதணும், எதை முதல்ல எழுதணும், எதை அப்புறம் எழுதணும்னு டிஸ்குக்குச் சொல்லுதது அந்த மேஸ்திரிதான். அது ரொம்ப நல்ல ஆளு, அதைக் குறை சொல்ல மாட்டேன். டிஸ்க் இருக்கே, அதுதான் களவாணி. நம்ம கொடுத்ததைக் கையில வாங்கி வச்சுக்கிட்டே 'எழுதியாச்சு'ங்கும். எழுதியிருக்காது! அதுக்குன்னு சின்னதா ஒரு நினைவு இருக்கு, அதுல வச்சுக்கிட்டு, நேரம் கிடைக்கும்போது தன் இஷ்டத்துக்கு முன்னபின்ன எழுதும். கரண்ட் இருக்க வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. கரண்ட் போச்சுன்னா, கையில வச்சிருந்தது அம்புட்டும் போச்சு.

போனா போகட்டும், கடைசி ரெண்டு வரிதானேன்னு நினைப்பீங்க. அங்கதான் விஷயமே இருக்கு அண்ணாச்சி. வரிசை. எந்த விஷயமா இருந்தாலும் மேஸ்திரி முதல்ல ஒரு ஓரத்துல எழுதச் சொல்லும். அது எழுதி முடிச்ச பிறகுதான், கீழ 'மேல இருக்கது எல்லாம் சரி'ன்னு ஒரு கையெழுத்து. கரண்ட் போய் வந்ததும் மேஸ்திரி அந்தக் கையெழுத்தைத்தான் தேடும். கையெழுத்து இல்லையா, மேல உள்ளதைத் தள்ளிரும். இருக்கா, கண்ணை மூடிக்கிட்டு நம்பிரும். இப்ப இந்தக் களவாணி கையெழுத்தை முதல்ல எழுதிட்டு, விஷயத்தை எழுதுததுக்குள்ள கரண்ட் போச்சுன்னு வைங்க. என்ன ஆகும்? அந்த இடத்துல முன்னால என்ன பழைய குப்பை கிடந்துச்சோ, அதுக்குக் கீழ கையெழுத்து நிக்கும். குப்பையைச் சத்தியம்னு எடுத்துக்கிடும் மேஸ்திரி. சொல்லுங்க, கையெழுத்தை முதல்ல வாங்கிட்டு விஷயத்தை அப்புறம் எழுதுததை விட ஒரு அயோக்கியத்தனம் உண்டுமா? நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஒரு நிமிஷம். நிக்கா? இல்ல, ஸ்பீடு பிரேக்கர்.

ரெஜினாவைப் பத்திச் சொல்லணும். எங்க ரத்த வங்கியில டெக்னீசியன். முப்பத்திரெண்டு வயசு இருக்கும், ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்டுதாரு. ஒம்பது வருஷத்துல ஒருநாள் லேட்டா வந்தது கிடையாது. யாராவது ரத்தம் குடுத்தா அதை டெஸ்ட் பண்ணி, நல்லதா கெட்டதான்னு கம்ப்யூட்டர்ல ஏத்துதது அவ வேலை. நல்லதுன்னா 'சரி', கெட்டதுன்னா 'டிஸ்கார்ட்', தூக்கிப் போடணும். சாயங்காலம் கம்ப்யூட்டர் ஒரு லிஸ்ட் தரும், அதைப் பாத்து டியூட்டியில இருக்க ஆளு கெட்ட பையை எல்லாம் தனியா எடுத்துப் போட்டுருவாங்க.

அவ நல்ல புள்ள. அதை நான் மறைக்கலை. எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப ரெண்டு பை ரத்தம் வேணும்னாங்க. ஒண்ணு எங்கயோ அலைஞ்சு அவதான் வாங்கிக் குடுத்தா, இன்னொண்ணு அவளே படுத்துக் குடுத்தா. 'அண்ணே, டீ வாங்கித் தாங்க போதும்'னா. அப்படி.

ஆனா ஒரு பட்டிக்காட்டுப் பழக்கம் உண்டு அவட்ட. கம்ப்யூட்டர்ல ஏத்துததுக்கு முன்னால ஒரு நீள நோட்டுல எழுதுவா. பை நம்பர், டெஸ்ட், முடிவு, நேரம். எழுதி, மை காயட்டும்னு ஊதிட்டு, அப்புறம்தான் கம்ப்யூட்டரைத் தொடுவா. எனக்கு எரிச்சலா வரும். 'ஏ ரெஜினா, கம்ப்யூட்டர் எதுக்கு வாங்கி வச்சிருக்கு? என் மேல நம்பிக்கை இல்லையா?'ன்னு கேட்டு, அந்த நோட்டு போடுத பழக்கத்தையே நிப்பாட்டச் சொல்லிட்டேன். முகம் சுருங்கிட்டு. 'சரி அண்ணே'ன்னா.

சாத்தூர் வந்துட்டு பாருங்க. இப்ப நான் சொன்னது உண்மையாப் போச்சு!

போன தை மாசம் புது மெஷின் ஒண்ணு போட்டோம். ரெண்டு டிஸ்குல ஒரே சமயத்துல எழுதுத மாதிரி நடுவுல ஒரு கார்டு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்லா. அதை ஆன் பண்ணுதப்ப மேஸ்திரி ஒரு பரீட்சை வைக்கும். 'நான் வரிசை சொன்னா அந்த வரிசையில எழுதுவியா?' வாயால கேக்காது, வரிசை வேணும்னு கண்டிஷன் போட்டு ஒரே ஒரு எழுத்தை எழுதச் சொல்லிப் பாக்கும். எழுதிட்டா பாஸ். இந்தக் கார்டு என்ன சொல்லிச்சுங்கீங்க? 'அந்த வேலை எனக்குத் தெரியாது'ன்னுட்டு. மேஸ்திரி சண்டையா போடும்? 'வரிசை கேட்டேன், இல்லைங்குது, இனிமே கேக்க மாட்டேன்'னு ஒரே ஒரு வரி எழுதி வச்சிட்டு, வேலையைப் பாக்க ஆரம்பிச்சிட்டு. ஆன் ஆகும்போது முன்னூறு நானூறு வரி திரையில ஓடும் அண்ணாச்சி. அதுல இது ஒரு வரி.

கண்ணுல பட்டுச்சா இல்லையான்னு கேட்டா, பட்டுச்சு. பொய் சொல்லக் கூடாது. பட்டுச்சு.

ஆனா கேளுங்க, உடனே சரி பண்ணவும் செஞ்சேன்! டிஸ்க் கையில வச்சுக்கிடுதுல்லா, அந்த இடத்தையே அணைச்சு விட்டேன். கொடுத்ததை உடனே எழுதிட்டுத்தான் 'ஆச்சு' சொல்லணும்னு கட்டிப் போட்டேன். அவ்வளவுதான், மெஷின் மாட்டு வண்டி ஆயிட்டு. ரத்த வங்கி வாசல்ல கூட்டம். டாக்டர்மார் கத்துதாங்க. தாணு சார் வந்து 'என்னவே ஆவுடையப்பன், பழைய மெஷினே தேவலை போலயே'ங்காரு, பத்து பேரு முன்னால. ரெஜினாவும்தான் சொன்னா, 'அண்ணே, சேவ் கொடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு, ஆளுங்க திட்டுதாங்க'ன்னு. அவதான் சொன்னா! நான் யாருக்காக அதைத் திருப்பி மாத்துனேன்? அவளுக்காகத்தானே? மறுநாளு பழையபடி விட்டேன். பறந்துட்டு. தாணு சார் கேட்டாரு, 'கரண்ட் போனா ஒண்ணும் ஆகாதுல்லா? அந்த டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சா?'

எழுதிக்கிட்டு இருக்கும்போதே பிளக்கைப் புடுங்கிப் பாக்கணும், அதான் டெஸ்ட். ஓடுத ஆஸ்பத்திரியில எப்பம் போய்ப் புடுங்க? ஞாயித்துக்கிழமை செய்யலாம்னு மனசுல இருந்துச்சு. செய்யப் போறதுதானேன்னு, 'ஆச்சு சார்'னேன். அந்த ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக் காதுகுத்து.

ஐப்பசியில ஒருநாள், மத்தியானம் மூணு மணி. மழையின்னா மழை. கரண்ட் போச்சு. யு.பி.எஸ். பேட்டரி உப்பிக் கிடந்திருக்கு, ஒரு நிமிஷம் கூடத் தாங்கலை. ஜெனரேட்டர் வாரதுக்குள்ள எல்லாம் அணைஞ்சு போச்சு. அந்த நிமிஷத்துக்குச் சரியா முன்னாலதான் ரெஜினா ஏழு பையை ஏத்தியிருக்கா. அதுல ஒரு பை, இருபத்திரெண்டு பதினாலாம் நம்பர், மஞ்சக்காமாலைக் கிருமி. டிஸ்கார்ட்னு அடிச்சிருக்கா. 'சேமிக்கப்பட்டது'ன்னு திரையில வந்ததைக் கண்ணால பாத்திருக்கா. பாத்துட்டு, ரத்ததான முகாமுக்கு வேன் நிக்குதுன்னு குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டா.

மெஷின் திரும்ப வந்துட்டு. மேஸ்திரி பாத்துச்சு, கையெழுத்து இருக்கு. நம்பிட்டு. காலையில வேற பைகளுக்கு எழுதுன பழைய வரி அந்த இடத்துல கிடந்திருக்கு. ஏழு பையும் 'சரி'ன்னு ஆயிட்டு.

சாயங்காலம் வேற ஆளு லிஸ்ட்டைப் பாத்தாரு. எல்லாம் சரி. ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பை ஒரு பிரசவக் கேஸுக்குப் போச்சு. மாரிச்செல்வின்னு பேரு. இந்தக் கோவில்பட்டிப் புள்ளதான், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கு. ரெஜினாதான் கண்டுபிடிச்சா. வாரக் கடைசியில ரத்தம் சோதிச்ச பழைய டெஸ்ட் தட்டை எடுத்துப் பாக்கும்போது, 'இதை நான் தூக்கிப் போடச் சொன்னேனே'ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்லுதேன், அவ்வளவுதான்.

உயிருக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. உடனே ஊசி போட்டாங்க. ரெண்டு டெஸ்ட் பாத்தாச்சு, ஒண்ணும் தெரியலை. ஆறு மாசம் போகணுமாம் உறுதியா சொல்ல. அந்தப் புள்ள டாக்டர் ரூம் வாசல்ல கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் யாருன்னு அதுக்குத் தெரியாது. 'அண்ணே, இதுக்குப் பால் குடுக்கலாமா கூடாதான்னு உள்ள கேட்டுச் சொல்லுதீங்களா'ன்னு என்னையப் பாத்துக் கேட்டுச்சு. 'இதோ கேட்டுட்டு வாரேன்ம்மா'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கத்து படி வழியா இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கலை.

 தண்ணி இருந்தாக் குடுங்க.

வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? புகார் எழுதிட்டாங்க. ட்ரஸ்ட்டுல விசாரணை வச்சிட்டாங்க. முந்தாநாளு தாணு சார் கூப்பிட்டு கதவைச் சாத்துனாரு. 'வே, மெஷின் தப்புன்னு போனா, மெஷின் வாங்குன நான் மாட்டுவேன், அதைப் பாத்த நீரு மாட்டுவீரு. பதினாறு வருஷத்துல எந்தெந்த ரெக்கார்டு சரி, எது தப்புன்னு கிளறுவான். ஆஸ்பத்திரியையே பூட்டிருவான். டைப் அடிக்கும்போது கை தவறிட்டுன்னு போனா ஒரு ஆளோட முடிஞ்சிரும். ரெஜினா ஒரு வரி எழுதிக் குடுத்தா, ஆறு மாசம் வீட்டுல இருக்கட்டும், அப்புறம் நாமளே வேற எங்கயாவது பாத்துக் குடுப்போம்'னாரு. வேற எங்க குடுப்பாரு? ரத்தத்துல தப்புப் பண்ணுனவன்னு பேரு வந்துட்டா லைசென்ஸே போச்சு. ஒரு ஆஸ்பத்திரியும் வாசல்ல சேக்க மாட்டான். எனக்குத் தெரியும். தாணு சாருக்கும் தெரியும்.

நான் என்ன செய்ய? மூத்தவ பிளஸ் டூ. எனக்கு நாப்பத்தேழு. இந்த வயசுல எவன் எடுப்பான் என்னைய? மெஷின் ஆன் ஆகும்போது திரையில வந்த அந்த வரியைக் கண்ணால பாத்தவன் நான் ஒருத்தன்தான். சொன்னா நான் போனேன். சொல்லாட்டா அவ போனா. மூணு மாசமா இதுக்குள்ளயே கிடந்து சுத்துதேன் அண்ணாச்சி, எந்தப் பக்கம் போனாலும் சுவரு இடிக்கு.

இந்தா, விருதுநகர் வந்துட்டு. அஞ்சு நிமிஷம் நிப்பான். எழுதிருவோம்.

பாத்துப் பிடிங்க, மடங்கிரும். இதான் அந்தப் பேப்பர்.

என்ன பாக்கீங்க, திருப்பித் திருப்பி? அந்தப் பக்கமும் ஒண்ணும் இல்ல. வெறும் பேப்பர்தான். கீழ பாருங்க, நீல மையில, 'சே. ரெஜினா', தேதி. நேத்து சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு போறப்ப வாங்குனேன். 'விசாரணைக்கு ஒரு கடிதம் குடுக்கணுமாம் ரெஜினா. நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தா, விஷயத்தை நான் எழுதிக்கிடுதேன்'னேன். பிள்ளையைக் கூப்பிடப் போகணும்னு பையை மாட்டிக்கிட்டு நின்னா. 'என்ன எழுதுவீங்க அண்ணே?'ன்னா. 'நடந்ததை எழுதுதேன்'னேன். 'நடந்ததை எழுதுனாப் போதும்ண்ணே'ன்னுட்டு, நின்னுக்கிட்டே போட்டுக் குடுத்துட்டா. எழுதுன கை யாருதா இருந்தா என்ன, கையெழுத்து அவளுதுதானே. அது போதும்னுட்டாரு தாணு சார்.

என்ன சொன்னீங்க? கையெழுத்து முதல்லயா?

அட, அது வேற, இது வேற அண்ணாச்சி! அது மெஷின் சமாச்சாரம். இது மனுசங்களுக்குள்ள ஒரு நம்பிக்கை. நல்லா முடிச்சுப் போடுதீங்க நீங்க! சரி, 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு ஆரம்பிப்போமா... இல்ல 'விசாரணை அலுவலர் அவர்களுக்கு'ன்னா? 'நான் மேற்படி தேதியில் அவசரத்தில்...' இருங்க, போன்.

"சொல்லுங்க சார். எழுதியாச்சு சார். ஆமா சார், நீங்க சொன்ன மாதிரியே. வந்து காட்டுதேன் சார்."

என்ன செய்ய? எழுதப் போறதுதானே. அவரு அங்க உக்காந்துக்கிட்டு... பாருங்க, மறுபடியும் அடிக்கு. ரெஜினா.

"சொல்லும்மா. எங்க இருக்க? திருமங்கலத்துலயா! உன்னைய யாரு வரச் சொன்னா? நீயாத்தானா... என்ன நோட்டு? ... எந்த நோட்டும்மா, நான்தான் அன்னைக்கே... சரி. சரி. அந்தப் பை நம்பருமா? நேரமும் போட்டிருக்கா? ... நல்லதாப் போச்சும்மா. ரொம்ப நல்லதாப் போச்சு. ம். பேப்பர் இருக்கு, பத்திரமா இருக்கு. நீயே எழுதிக்கிடுதியா. சரிம்மா. இல்ல இல்ல, நான் எழுதிட்டேன், நடந்ததைத்தான் எழுதியிருக்கேன், எழுதியாச்சு. தந்துருதேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம் நீ, வெயிலு. ... சரி, வா."

பஸ் கிளம்பிட்டான் பாருங்க. ஒரு எழுத்து எழுதவிட்டானா?

நிப்பாட்டலையாம் அண்ணாச்சி. நான் சொன்ன பிறகும் அவ நோட்டு போடுததை நிப்பாட்டலை. சாப்பாட்டுப் பைக்குள்ள வச்சு, நான் பாக்காத நேரமா எழுதியிருக்கா, எனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லாம. ஐப்பசி நோட்டு முடிஞ்சு பரண்ல போட்டுட்டாளாம், விசாரணைக்குக் கடிதம்னதும்தான் ஞாபகம் வந்து, நேத்து ராத்திரி எடுத்தாளாம். இருபத்திரெண்டு பதினாலு, டிஸ்கார்ட், மணி ரெண்டு ஐம்பத்தாறு. தன் கையால எழுதி வச்சிருக்கா. 'நோட்டைக் காட்டி நானே பேசிக்கிடுதேன் அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சங்கடம்'ங்கா. எனக்குச் சங்கடம் வரக் கூடாதாம்!

அப்ப கம்ப்யூட்டர்ல எப்படி மாறிச்சுன்னு விசாரிக்க வந்தவன் கேப்பான்லா? அடுத்த கேள்வி அதுதானே? யாரைப் பாத்துக் கேப்பான்?

பேப்பரை நான் எழுதிக் குடுத்துட்டா நோட்டு பொய்யாயிரும். அவளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டாளே, நோட்டை இப்ப உக்காந்து எழுதுனியான்னு கேப்பான். குடுக்காட்டா தாணு சாரு என்னைய முழுங்கிருவாரு. அவட்ட எழுதியாச்சுன்னுட்டேன். அவருட்டயும் எழுதியாச்சுன்னுட்டேன். ரெண்டு பேரும் நம்பிட்டாங்க. இங்க என்ன இருக்கு? வெள்ளைப் பேப்பரு இருக்கு.

என்ன அண்ணாச்சி, பேனாவா? ஏன், நீங்க மதுரை வரைக்கும் வாரீங்கள்லா? அதுக்குள்ள... சரி சரி. உங்க பேனா, உங்களுக்கு வேணும்னா வாங்கிக்கிட வேண்டியதுதான். இந்தாங்க. கோவமா? நான் கெட்டவன் இல்ல. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னது கிடையாது இந்த வாயி. எது கேட்டாலும் ஆச்சு, முடிச்சிட்டேன், வந்துட்டேன், அதான் நான். அதனாலதான் பதினாறு வருஷம் தள்ளுனேன்.

ஏன் இவ்வளவு வேகமாப் போறான் இவன்? கள்ளிக்குடி தாண்டிட்டானா?

யோசிச்சுப் பாக்கேன், அந்தக் கார்டு முகத்துக்கு நேரா 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிச்சுல்லா. நான் கூட டிஸ்கோட சேத்து அதையும் களவாணி களவாணின்னு இவ்வளவு நேரம் திட்டிக்கிட்டு வந்தேன். அது ஒண்ணும் மறைக்கலை. சரி, மெஷினுக்கு என்ன, அதுக்குப் பிள்ளையா குட்டியா. சொல்லிரும்.

திருமங்கலம். வந்தே வந்துட்டு.

அந்தா நிக்கா பாருங்க. பச்சைக் குடை. டீக்கடைக்கு அந்தப் பக்கம், எட்டி எட்டிப் பாக்கா ஒவ்வொரு பஸ்ஸா. மாருல அணைச்சுப் பிடிச்சிருக்கா பாருங்க ஒரு மஞ்சப் பை, அதுக்குள்ளதான் இருக்கும் நோட்டு. ஒரு டீ குடிச்சிருப்பாளா? காலையில எத்தனை மணிக்குக் கிளம்பினாளோ. நான் இறங்குனா ஓடி வருவா. 'குடுங்கண்ணே'ம்பா. எழுதியாச்சுன்னேனே, அந்தப் பேப்பரை வாங்கி விரிச்சுப் பாப்பா. பாத்துட்டு என் முகத்தைப் பாப்பா.

எந்திரிக்கேன், எந்திரிக்கேன். கொஞ்சம் இருங்க. முன்னால உள்ளவங்க இறங்கட்டும். அந்தப் பாட்டியம்மா மூட்டையோட நிக்காங்க. பையோட பட்டை எங்கயோ மாட்டிக்கிட்டு.

"திருமங்கலம் எல்லாரும் இறங்கியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு! போலாம்."

நான் சொன்னதும் கண்டக்டர் விசில் கொடுத்துட்டான்.

நீங்க உக்காருங்க அண்ணாச்சி, எதுக்கு எந்திரிக்கீங்க? கண்டக்டரைக் கூப்பிடாதீங்க, வேண்டாம். கையை விடுங்க, வேண்டாம்ங்கேன்லா! கூட்டமா இருந்துச்சு. மதுரையில இறங்கி அடுத்த வண்டியில வந்துக்கிடுவேன். அரை மணி நேரம் முன்னபின்ன ஆனா என்ன ஆயிரப் போகுது? அவ பாக்கலை. ஜன்னல் பக்கம் நீங்கதானே இருக்கீங்க. கொஞ்சம் முன்னால சாஞ்சு என்னைய மறைச்சுக்கோங்க, பஸ் அவளைத் தாண்டுத வரைக்கும்.

அடிக்கு. அவதான்.

"சொல்லும்மா ரெஜினா. ஆமா, இறங்கிட்டேன். இங்கதான், பின்னால கூட்டத்துல நிக்கேன். நீ அங்கயே நில்லு, அசையாத. இருக்கு, பேப்பர் கையிலதான் இருக்கு. அழாதம்மா, நான் இருக்கேன்லா. இதோ வந்துட்டேன்."